பல் டோக்கன்

எங்கள் வீட்டில் நோயாளி என்கிற பதவி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. நான் மருமகளாகப் போன நாளிலிருந்து அதை என் மாமியார் கன்னியம்மாதான் வகித்து வந்தார். போட்டிக்கு நிற்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. மாமனாருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று சாயங்காலமே அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வரும். என் கணவருக்கு முதுகு பிடித்தால் அத்தைக்கு முதுகோடு சேர்த்து இடுப்பும் பிடிக்கும். காலையில் கண் விழித்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை "அம்மாடி". படுக்கும்போது சொல்கிற கடைசி வார்த்தையும் அதுதான். நடுவில் தலையில் மீன்கூடையோடு எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து பழவேற்காடு மார்க்கெட் வரைக்கும் நடந்துபோய், கொண்டுபோனதை எல்லாம் விற்று, யாரிடமாவது ஒரு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி வருவார். (அதெல்லாம் உடம்புக் கணக்கில் சேராது.)

என் கதை வேறு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. விடியும் முன்னே எழுந்து சமைத்து, மகளுக்குத் தலை பின்னி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடி, சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி அடுப்புக்கு முன்னால் நிற்பேன். அந்த வருஷங்களில் எனக்கென்று பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. எங்கேயாவது உட்கார வேண்டும். உட்கார்ந்தால் யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான். பின்மண்டையில் எந்நேரமும் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டரைப் பார்ப்பதால் வருகிறது என்று நானே ஒரு வைத்தியராகி முடிவு செய்து, தைலத்தைத் தடவிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. திறந்தால் அத்தைக்கு முன்மண்டையும் சேர்த்து வலிக்கும்.

இந்த நிலைமையில்தான் கம்பெனியில் புது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து ஹெச்.ஆர். மேடம் விளக்கம் சொன்னார். (உட்காரச் சொன்னதாலேயே எனக்கு அந்தத் திட்டம் பிடித்துப் போனது.) ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டாம், கார்டைக் காட்டினால் போதும், மாமனார் மாமியாரையும் சேர்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதிக்குமேல் நான் கண் திறந்தபடி தூங்கிவிட்டேன். கடைசியில் சொன்ன ஒன்றுதான் என்னை எழுப்பியது.

"ஃபேமிலி மெம்பர்ஸ் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஃபுல் பாடி செக்கப் ஃப்ரீ. இந்த மாசக் கடைசிக்குள்ள போகலன்னா இந்த வருஷத்துது லேப்ஸ் ஆயிடும்."

லேப்ஸ்! அந்த ஒரு வார்த்தை போதும். சாகிற வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக்கூடத் தூக்கிப் போடாத வம்சம் நான். வீட்டுக்குப் பெரியவர்கள் மூன்று பேர், நான் ஒருத்தி, ஆக நான்கு முழு உடம்பு. அத்தனையும் சும்மா லேப்ஸ் ஆவதை நினைத்தால் நெஞ்சு பதறியது. மறுநாளே நான்கு பேருக்கும் ஒரே தேதியில் பதிவு செய்துவிட்டேன்.

அத்தை உடனே சம்மதித்தார். பல வருஷமாகத் தன் நோய்களுக்கு ஒரு அரசாங்க முத்திரை கிடைக்காதா என்று காத்திருந்தவர். "எல்லாத்தையும் எழுதிக் குடுப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். என் கணவர் சேகர், படகு என்ஜின் மெக்கானிக். அவருக்கு ஒருநாள் லீவு என்றால் எங்கே வேண்டுமானாலும் வருவார். சிக்கல் மாமாவிடம்தான்.

மாமா ஏரியில் இறால் பிடிக்கிறவர். அவருக்கும் துறைமுகத்துக்கும் ஆகாது. அங்கே வேலை செய்கிற மருமகளை வீட்டில் வைத்துக்கொண்டே துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கிற எல்லாக் கூட்டத்துக்கும் போய்ப் பாயில் முன்வரிசையில் உட்காருவார். நான் வேலையைப் பற்றிப் பேச மாட்டேன், அவர் கூட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார். இப்படித்தான் எங்கள் வீட்டில் அமைதி நிலவியது.

"அந்தத் தொரமுகத்து ஆளுங்க குடுக்கற ஊசி எனுக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

"போகாட்டி அவங்களுக்குத்தான் லாபம், மாமா."

வலை பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னா சொல்ற?"

"உங்களுக்குன்னு ஒதுக்கினது. நீங்க போகலன்னா அவங்களுக்கு மிச்சம்."

மாமா வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "எத்தினி டெஸ்ட்டு இருக்குதோ அத்தினியும் எடுத்துக்கினுதான் வருவேன்" என்றார்.

வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. முந்தின நாளே எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். மகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின். அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு வருவதற்குள் அத்தைக்கு இரண்டு முறை மயக்கம் வந்து, இரண்டு முறையும் ஜன்னல் சீட்டு கிடைத்ததும் தெளிந்தது. எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கதவோரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்மண்டை விண்விண்ணென்று தெறிக்க, நான்கு பேரின் ஆதார் நகல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரி பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனதும் ஐஸ் பெட்டிக்குள் வைத்த மீன் மாதிரி ஆகிவிட்டோம். ஆளுக்கு ஒரு கோப்பும் ஒரு கொத்து டோக்கனும் கொடுத்தார்கள். ரத்தத்துக்கு ஒன்று, நெஞ்சுப் படத்துக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று கலர் கலராக. எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. "ஒண்ணு கூட வீணாகக் கூடாது. எல்லாம் என்கிட்ட இருக்கட்டும், நான் கூப்பிடும்போது வாங்க" என்று நான்கு கொத்தையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் ரத்தம். ஊசிக்காரப் பெண் மாமாவிடம், "ஐயா, காலைல எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டாள்.

"சேச்சே. டீ மட்டும்தான்."

"டீயா?" என்றேன் நான்.

"டீன்னா சும்மா டீ இல்ல, பொறையோட. பொறை சாப்பாட்டுல சேருமா இன்னா?"

கரையில் டீயும் பொறை ரொட்டியும் விற்கிற கடை ஒன்று எந்நேரமும் திறந்திருக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "பரவால்ல, எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்து என் கணவரை உட்கார வைத்தாள். என்ஜினைத் தனியாளாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் நடக்கிற மனிதர். ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விமலா" என்று ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டார். அப்படியே சரிந்தார். விழுந்த வேகத்தில் பஞ்சு டப்பா, ஊசி ட்ரே, பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரின் கைத்தடி எல்லாம் கூடவே விழுந்தன. இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு ஜூஸ் கொடுத்தார்கள். இன்னும் ஊசியே போடவில்லை என்று அந்தப் பெண் எல்லோருக்கும் விளக்க வேண்டி வந்தது.

அவருக்கு விசிறிக்கொண்டிருந்த நேரத்தில் மாமாவைச் சிறுநீர் டப்பாவோடு கழிவறைக்கு அனுப்பியது மறந்துபோனது. அவர் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். டப்பாவை விளிம்பு வரை நிரப்பி, மூடி போடாமல், ஒரு சொட்டும் சிந்தாமல், ஆடுகிற படகில் நடந்து பழகிய கால்களோடு ஹாலின் நடுவே வந்துகொண்டிருந்தார். ஜனம் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது. "கொஞ்சமா குடுத்தா அவனுக்குத்தான லாபம்?" என்றார் என்னிடம். நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

அதற்குள் அத்தையை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நெஞ்செல்லாம் வயர் தொங்க, வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். மார்க்கெட்டுக்குப் போகிற நடை. டெக்னீஷியன் வேகத்தைக் கூட்டினான். அத்தையும் கூட்டினார். அவன் மேடாக்கினான். அத்தைக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"ஏம்பா, இது எப்பதான் போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போகாதும்மா. முடியலன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"முடியலன்னுதான் வந்தே கீறேன்!" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கடைசியில் டெஸ்ட் முடிந்து மெஷின்தான் நின்றது. "இந்த வயசுல இப்படி ஒரு ஹார்ட் நான் பார்த்ததே இல்ல" என்று அவன் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னான். அத்தையின் முகம் செத்துப்போனது.

இப்படி ஒருவர் மாற்றி ஒருவராக இழுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைந்ததில் என்னுடைய டோக்கன்கள் அப்படியே கிடந்தன. மற்றவர்களுக்குப் பல்லைத் தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பிரஷர் பார்க்கிற மேஜைக்குப் போனேன். உட்காரும்போதே "அப்பாடா" என்றேன். அன்று காலையிலிருந்து நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷினைப் பார்த்தாள். அதை ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த கையில் சுற்றினாள். பிறகு வேறு ஒரு மெஷின் கொண்டுவந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் நல்ல மெஷினே இல்லையோ என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவள் எழுந்துபோய் ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

"தலை வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"அது எப்பவும் வலிக்கறதுதான்."

"எப்பவும்னா? வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏது டாக்டர்?"

"உங்க கூட யார் வந்திருக்காங்க?"

"என்கூட யாரும் வரல டாக்டர். நான்தான் அவங்க கூட வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் காட்டினேன். "நோயாளி அதோ, நடுவுல இருக்காங்களே, அவங்கதான். எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேர்ல ஒரு ஆள் விட்டா லேப்ஸ் ஆயிடும்னு என் பேரையும் போட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த பிரஷரோட நீங்க இவ்வளவு நேரம் மாடி ஏறி எறங்கினதே தப்பு. வாய் கோணி, கை கால் விழுந்திருக்கும். இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பேரம். நாளைக்கு வந்து சேர்ந்துகொள்ளட்டுமா, ராத்திரிச் சோறு வடிக்க ஆள் இல்லை என்றேன். டாக்டர் நர்ஸுக்குக் கண் காட்டினார். ஒரு மாத்திரையை விழுங்கச் சொன்னார்கள், ஊசி போட்டார்கள், சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் உட்கார ஏங்கியவள், உட்கார வைத்ததும் எழுந்து ஓடப் பார்த்தேன்.

நாற்காலியை ஹால் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து அந்த ஹாலில் எல்லோரையும் அதட்டி வரிசையில் நிறுத்தியவள், இப்போது மடியில் ஒரு பூத்துவாலையோடு போகிறேன். ஊசியின் வேலையோ என்னவோ, தலை லேசாகச் சுற்றியது. என் வீட்டார் மூன்று பேரும் பதறி எழுந்து நிற்பது தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு மனைவி, ஒரு மருமகள், ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். நான் கையில் கசங்கிக் கிடந்த டோக்கன்களை உயரத் தூக்கிக் காட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படிக் கத்தினேன்:

"பல்லு டோக்கன் பாக்கி இருக்கு! யாராவது போய்ப் பல்லைக் காட்டிட்டு வாங்க!"

 ஹாலில் யாரோ சிரித்தார்கள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. (மூடும் முன் "லேப்ஸ் ஆயிடும்!" என்றும் கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. கத்தியிருப்பேன்.)

கண் விழித்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. கட்டில் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய கோப்பு. எல்லா ரிப்போர்ட்டும் வந்துவிட்டதாம். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, எலும்பு தேயவில்லை, எல்லாம் நார்மல். வேறொரு நாளாக இருந்தால் அந்த டாக்டரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மடித்துப் பையின் அடியில் திணித்தார். அழுதிருக்கிறார் என்று மூக்கைப் பார்த்தால் தெரிந்தது.

"தல வலிக்குதுன்னு ஏன்டி எங்கைல சொல்லல?" என்றார்.

"நீங்க சொல்லிக்கிட்டிருந்தீங்க அத்தே. நடுவுல எப்படிச் சொல்றது?"

கிண்டலாகச் சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் உள்ளது உள்ளபடி வந்துவிட்டது. அத்தை கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். கலைந்து கிடந்த என் முடியை அள்ளி முடிந்துவிட்டார். அவர் கை என் தலையில் பட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. கை முழுக்கச் செதில் கீறின தழும்பு. 

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே வந்தார். பின்னால் என் கணவர், ஏதோ குற்றவாளியைக் கூட்டி வருகிற முகத்தோடு.

"போய்க் காட்டிட்டேன்" என்றார் மாமா.

"எதை மாமா?"

"பல்ல. நீதானே சொன்ன?"

நடந்ததை என் கணவர் சொன்னார். லிஃப்ட் மூடினதும், என் கையிலிருந்து நழுவி விழுந்த டோக்கனைப் பொறுக்கிக்கொண்டு மாமா நேராகப் பல் பிரிவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம். மாமாவுக்குப் பல் என்று இருந்தவை கீழே ஒன்றிரண்டும் மேலே ஒரு கடைவாய்ப் பல்லும்தான். பல் டாக்டர் எங்கே வலி என்று கேட்டிருக்கிறார். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். மருமவள சேர்ல வச்சித் தள்ளிக்கினு பூட்டாங்க. போவும்போது பல்லக் காட்டிட்டு வான்னு சொல்லுச்சு. நோவுல கீற பொண்ணு பேச்ச எப்படித் தட்றது?" என்று சொல்லி வாயை ஆவென்று திறந்தாராம். டாக்டர் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்து, இருக்கிற பற்களை மட்டும் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்.

மாமா எங்களுக்கும் காட்டினார். பளபளவென்று இருந்தன.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். ஆம்பிளைகள் இரண்டு பேரையும் அத்தையே விரட்டினார். "போங்க, போய் வூட்ல கீற புள்ளைக்குச் சோறாக்கிப் போடுங்க" என்றார். அந்த வீட்டில் ஆண்கள் சோறாக்கலாம் என்பதை அவர் வாயால் கேட்டது எனக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. அவர் மட்டும் நான் வீடு திரும்புகிற வரை, துணைக்கு இருப்பவர்களுக்கான குறுகல் பெஞ்சில் கிடந்தார். "அம்மாடி" என்ற சத்தமே வரவில்லை.

இப்போது பிரஷர் மாத்திரையைத் தினமும் போடுகிறேன். என் குழம்பை உப்பு குறைத்துத் தனிச் சட்டியில் வைக்கிறார்கள். கருவாடு வறுக்கும்போது என்னைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். காலை அடுப்பு என் கணவர் பொறுப்பு. அவருடைய உப்புமாவைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. மீன் மார்க்கெட்டில் அத்தை தன் முழங்காலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். "எங்க விமலாவுக்குப் பிரஷரு எரநூறுக்கு மேல" என்று நான் ஏதோ பரீட்சையில் வாங்கிய மார்க் மாதிரி கூடைக்காரிகள் எல்லோரிடமும் பெருமையடிக்கிறார். அவர்களில் யாருக்காவது தலைவலி என்றால் போதும், அந்த மனுஷியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுகிறார்.

வீட்டில் யாராவது வெளியே கிளம்பினால் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. "பல்லக் காட்டிட்டு வரேன்" என்பார்கள். என் மகள் பரீட்சைக்குப் போகும்போதும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறாள். போய் நிஜமாகவே பல்லைக் காட்டிவிடுவாளோ என்று எனக்குக் கவலையாக இருக்கும். போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் புதிதாக ஒரு சம்பந்தி வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார். மாமா தாம்பூலத்தை ஒதுக்கிக்கொண்டு, மிச்சமிருக்கிற பற்கள் தெரியச் சொன்னார்:

"எங்க மருமவளா? உசுரு போற நேரத்துலயும் ஒரு டோக்கன வீணாக்காது."

பந்தியே சிரித்தது. நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் பிரஷர் ஏறும்.